மூன்று வீட்டுக் கோப்பையில் ஒரு மீன்துண்டு

என்னுடைய எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கோ. எண்ணில் மட்டும் கை வைக்க வேண்டாம். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் அவுன்சும் றாத்தலும் என் கைக்குப் பழகினது. அதில் என்னை ஒருவரும் பிழை பிடித்ததில்லை.

போன மாதம் சந்தையடியில் கிளினிக்கின் புது மருத்துவமாதுப் பிள்ளையைக் கண்டேன். இப்போது ஒரு புதுக் கடுதாசி வந்திருக்கிறதாம். வயிற்றுப்பிள்ளைக்காரி வந்தால், "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டு, அவள் சொல்லுவதைக் குறித்துக்கொண்டால் போதுமாம். தராசும் இல்லை, வீட்டுக்குப் போகிறதும் இல்லை.

"முந்தி நீங்கள் வீடு வீடாய்ப் போய்ச் சோத்தைத் தராசில நிறுத்தனீங்களாமே அன்ரி, உண்மையே? எங்கட கிளினிக் ஆண்டு மலருக்கு அதை எழுதித் தாங்கோவன்" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள். நானும் சரி என்று சொல்லிப்போட்டு வந்துவிட்டேன். ஒரு மாதமாக இந்தக் கொப்பியோடு இருக்கிறேன். மலருக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு கதை எழுதுவார்கள். என்னிடம் இருக்கிறது ஒரு கதை. அது நல்ல கதை இல்லை.

என் புருசன் துறைமுகத்தில் வெள்ளைக்காரன்ர கப்பல்படைக்கு வேலை செய்தவர். படை போனதோடு வேலையும் போனது. அவர் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டார், நான் எழும்பினேன். ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அங்கேதான் கொழும்பிலிருந்து டொக்டர் அம்மா வந்தா. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் என்ன சாப்பிடுகிறார்கள், அதனால் பிறக்கிற பிள்ளை எப்படி இருக்கிறது, அந்தப் பிள்ளை வளர்ந்து வர அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன வருத்தம் வருகிறது, இதெல்லாம் பார்க்க வேணும் என்று வந்தவ. வீடுகளுக்குப் போய் நிறுக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும். படித்த பிள்ளைகள் இரண்டு பேரைக் கேட்டா. மணலில் நடக்க ஏலாது, ஆற்றங்கரையில் அட்டை கடிக்கும் என்று அவர்கள் மாட்டேன் என்றார்கள்.

நான் துடைத்துக்கொண்டு நின்றனான். டொக்டர் அம்மா ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தா.

"இது எவ்வளவு பாரம் இருக்கும்?"

"நாலு அவுன்ஸ். கொஞ்சம் குறைய."

தராசில் போட்டா. மூன்றே முக்கால்.

"எங்கே பழகினீங்கள்?"

"குச்சவெளியில அம்மா. எங்கட அப்பு கடலுக்குப் போறவர். நான் பாவாடை கட்டின நாளிலயிருந்து கருவாடு நிறுத்தனான்."

"நாளைக்கு ஏழு மணிக்கு வாங்கோ" என்றா. அவ்வளவுதான். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பழக்கினா. பழகினதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எனக்கு எழுத்து வராது என்று அவவே மட்டைகளில் படம் கீறித் தந்தா. சோற்றுக்கு ஒரு பானை, மீனுக்கு ஒரு மீன், இலைக்கறிக்கு ஒரு இலை, தேங்காய்க்கு ஒரு பாதி. படத்துக்கு நேரே நான் எண் போட வேண்டும். எண் எனக்கு வடிவாக வரும்.

அவவைப் பற்றிச் சொல்ல வேணும். சின்ன உருவம். வெள்ளைச் சேலை. தேத்தண்ணி குடித்த கிளாசைத் தானே கழுவி வைப்பா. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னை "ஏய்" என்கிற காலத்தில் அவ ஒருத்தி மட்டும் "நீங்கள்" என்றா. தராசைத் தூக்கி வைத்தவுடன் அதன் கண்ணாடியை நகத்தால் மூன்று தரம் தட்டுவா. முள் ஆடி நிற்கும்வரை பேச மாட்டா. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்பா.

"முள் எங்கே பரிமளம்?"

"பூச்சியத்தில அம்மா."

"பார்த்தனீங்களோ, நினைச்சனீங்களோ?"

"பார்த்தனான் அம்மா."

இதை ஒவ்வொரு நாளும் கேட்பா. நான் ஒவ்வொரு நாளும் அதே மறுமொழி சொல்லுவேன். கோயிலில் மணி அடிக்கிறது போல எங்கள் இரண்டு பேருக்கும் அது.

அவ தந்த ஒழுங்கு இதுதான். ஒரு வீட்டுக்கு மூன்று நாள் போக வேண்டும். அரிசியைப் பச்சையாக நிறுக்க வேண்டும், வெந்த பிறகு நிறுக்க வேண்டும். அந்தப் பெண் தன்னுடைய கோப்பையில், சாப்பிடுகிற தட்டில், போட்டதை ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டும். அவள் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். மிச்சத்தை நிறுக்க வேண்டும். வைத்ததில் மிச்சத்தைக் கழித்தால் வயிற்றுக்குள் போனது தெரியும்.

முதல் கிழமையே குழம்பியது. ஒருத்தியும் சாப்பிடவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன், சோறு ஆறியது. டொக்டர் அம்மாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் தான் சொன்னேன்.

"அம்மா, வயித்துப்பிள்ளைக்காரி சாப்பிடுறதை வெளியாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நாவூறு படும். சாப்பிட்டது உடம்பில ஒட்டாது எண்டு இவை நம்பிற ஆக்கள். நானும் அப்படித்தான் மூண்டு பெத்தனான்."

அவ பேனை மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தா.

"அப்ப என்ன செய்யலாம்?"

"கோப்பையை நிறுத்துக் குடுத்துப்போட்டு நான் அடுத்த வீட்டை போறன். அவை உள்ளுக்குப் போய்ச் சாப்பிடட்டும். திரும்பி வந்து மிச்சத்தை நிறுக்கிறன்."

அவ அதைத் தன்னுடைய கொப்பியில் எழுதினா. "நான் படிச்ச புத்தகத்தில இது இல்லை பரிமளம். நீங்கள் சொன்னபடியால் வேலை நடக்கப் போகுது" என்றா. அந்த ஒரு சொல்லை நான் வீட்டில் புருசனுக்குச் சொன்னேன், அயலுக்குச் சொன்னேன், பஸ்ஸில் வந்த கொண்டக்டருக்கும் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் படித்தவள் டொக்டருக்கு வழி சொல்லிக் கொடுத்தவள் என்று இன்றைக்கும் எங்கள் ஒழுங்கை வீடுகளில் கதை இருக்கிறது. அந்தக் கதையின் மிச்சத்தை இன்றுவரை ஒருவருக்கும் எழுதவில்லை.

குச்சவெளிக்கு அங்கால், கடற்கரையோடு ஒரு குடியிருப்பு. இருபது வீடு வரும். றோட்டில் இறங்கித் தராசுப் பெட்டியைத் தலையில் வைத்து மணலில் நடக்க வேண்டும். அது வாடைக்காற்றுக் காலம். கடல் அடித்துக்கொண்டிருந்தது, வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றிக் கவிழ்த்துக் கிடந்தன. மீன்பிடிக்கிற வீட்டில் மீன் இல்லாத மாதங்கள் அவை. அங்கே பக்கத்துப் பக்கத்து வளவில் மூன்று பேர் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தார்கள். முதல் வீடு ராசமணி. நடுவில் அவளுடைய மச்சாள். கடைசி வீடு புனிதம்.

ராசமணி வீட்டில் கோப்பையை நிறுத்தேன். சோறு, முருங்கையிலை, அதற்கு மேல் ஒரு பொரித்த மீன்துண்டு. அறக்குளா. மூன்றரை அவுன்ஸ். கருவாட்டுக் கொட்டிலில் வளர்ந்தவளுக்கு மீன்துண்டு மனிசர் முகம் மாதிரி. அந்தத் துண்டை வெட்டினவரின் கத்தி நடு எலும்பில் தட்டி வழுகியிருந்தது. ஓரத்தில் தோல் கிழிந்து ஒரு சின்னப் படி விழுந்திருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கருகல். இதெல்லாம் நான் தேடிப் பார்க்கவில்லை. கண்ணில் பட்டது. எண்ணைப் போட்டேன். ராசமணி கோப்பையோடு உள்ளே போனாள். நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

மச்சாள்காரி, "இருங்கோ அக்கா, மீன் இன்னும் அடுப்பில" என்றாள். அடுப்பில் நெருப்பைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் குசினிக்குப் பின்னால் வேலி ஓலை சரசரத்தது. பிறகு கோப்பை வந்தது. மேலே ஒரு பொரித்த மீன்துண்டு. மூன்றரை அவுன்ஸ். ஓரத்தில் படி. ஒரு பக்கம் கருகல்.

என் கை கொஞ்சம் நின்றது. பிறகு எண்ணைப் போட்டேன்.

புனிதத்தின் வீட்டுக்குப் போகும்போதே எனக்குத் தெரியும். அவள் மூன்றாம் பிள்ளையோடு இருந்தாள். கண் குழி விழுந்து, கழுத்தெலும்பு மேலே வந்து, வயிறு மட்டும் முன்னால். ஆனால் வாய் ஓயாது. அந்தக் குடியிருப்பு முழுக்க அவளுடைய பகிடியில்தான் சிரித்தது. அவளும் என்னை நிற்க வைத்தாள். அவளுடைய வேலியும் சரசரத்தது. கோப்பையைக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

"என்ன அக்கா, மீனை இப்பிடிப் பார்க்கிறியள்? மீனுக்கு நாவூறு படப்போகுது."

"எங்கயோ கண்ட மீன் மாதிரிக் கிடக்கு பிள்ளை."

"குச்சவெளி மீன் எல்லாம் ஒண்டுக்கொண்டு சொந்தம்தானே அக்கா. முகச்சாடை இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"எழுதுங்கோ அக்கா. வெறுஞ்சோறு எண்டு எங்கட பேர் கொழும்புக்குப் போகவேண்டாம். இந்த மனிசன் கடலுக்குப் போறவன். அவன்ர பெண்சாதி உப்புக்கஞ்சி குடிக்கிறாள் எண்டு எழுதினால் அவன் எந்த முகத்தோட கரையில நிக்கிறது?"

நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது, சமைக்க ஒன்றும் இல்லாத நாளில் என் அம்மா வெறுஞ்சட்டியில் அகப்பையைத் தட்டுவா. அயலுக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று. நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம். புனிதம் கதைக்கும்போது எனக்கு அந்த அகப்பைச் சத்தம் கேட்டது. டொக்டர் அம்மா கண் கண்டதை எழுதச் சொல்லியிருக்கிறா, கோப்பையில் மீன் இருக்கிறது, என் கண் கண்டது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றரை என்று போட்டேன். திரும்பிப் போய் மூன்று வீட்டிலும் மிச்சத்தைப் பார்த்தபோது மூன்று கோப்பையும் வழித்துக் கழுவினது போல இருந்தது. மிச்சம் இல்லை என்று மூன்று மட்டையிலும் பூச்சியம் போட்டேன்.

அடுத்த நாளும் போனேன். அதே மீன். உப்புப் போட்டு வைத்திருந்தார்கள். மூன்றே கால். மூன்றாம் நாள் அது காய்ந்து, ஓரம் சுருண்டு, மூன்று அவுன்சுக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் புனிதம் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை வைத்தாள். நான் மூக்கைப் பொத்தவில்லை. அந்த மீனை நாலாம் நாள் யார் சாப்பிட்டார்கள் என்று பிறகு கேட்டேன். ராசமணியின் தம்பி பட்டினத்தில் இருந்து கொண்டுவந்தது என்றபடியால் அது அவளுடைய புருசனுக்குப் போனதாம்.

டொக்டர் அம்மா மட்டைகளைப் பார்த்தா. அவவின் விரல் மீன் படத்துக்கு நேரே இறங்கியது. "வாடைக்காலத்திலயும் ஒவ்வொரு நாளும் மீன் சாப்பிடுகினம். நான் நினைக்கேல்லை" என்றா. பிறகு என்னைப் பார்த்து, "வடிவாய்ச் செய்திருக்கிறீங்கள்" என்றா. ஒரு மீன் மூன்று நாளில் காய்ந்து பாரம் குறைகிறதுகூட அந்த மட்டையில் சரியாக இருந்தது. என் எண்ணில் பிழை இல்லை.

புனிதத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நாலு றாத்தலும் இரண்டு அவுன்சும். நான் தான் நிறுத்தேன். கமலா என்று பேர் வைத்தாள். "மீன்குஞ்சு மாதிரி இருக்குது, வலையில நிக்காது, நழுவிப் போயிடும்" என்று பகிடி விட்டாள். நழுவவில்லை. நின்றது. ஆனால் அதற்குப் பிறகு புனிதத்துக்கு வந்த இரண்டு தங்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் டொக்டர் அம்மா திரும்பி வந்தா. தாய்மாரின் மட்டைப் பெட்டியையும் கொண்டு வந்தா. பிள்ளைகளைத் தேடிப் பிடித்து நிறுத்து, உயரம் அளந்து, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாம் குறைவு. கமலா எல்லாரிலும் குறைவு. அன்றைக்கு மத்தியானம் அவ சாப்பிடவில்லை. பழைய மட்டையை ஒரு பக்கமும் புது மட்டையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தா.

"பரிமளம், தாய்மார் நல்லாய்ச் சாப்பிட்டிருக்கினம். பிள்ளையள் ஏன் இப்படி?"

என் வாய் திறந்தது. உண்மையாகத் திறந்தது. அந்த நேரம் அவவே மறுமொழியும் சொன்னா.

"அப்ப இது சாப்பாட்டால வந்ததில்லை. இவையின்ர உடம்பு வாகு இது. இரத்த வழி."

நான் வாயை மூடினேன். ஏன் மூடினேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அந்தப் பெண்களின் மானத்துக்காக என்று சொல்லலாம். அது பாதி. மற்றப் பாதி என்னுடையது. நிறுவையில் பிழைவிடாத பரிமளம் என்று அவ நாலு பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் சொல்லியிருக்கிறா. அதை நான் தின்று கொழுத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் கர்ப்பிணிகளுக்குப் பால்மாவும் சத்துமாவும் கொடுக்கிற ஊர்களின் பட்டியல் வந்தது. அந்தக் குடியிருப்பின் பேர் அதில் இல்லை. தேவை இல்லாத இடம் என்று போட்டிருந்ததாக வாசித்தவர்கள் சொன்னார்கள்.

புனிதம் கிளினிக்குக்கு வந்தாள். சின்னவன் ஒருவன் வயிற்றில் இருந்த நேரம். பால்மா வரிசையில் நின்று, அவளுடைய முறை வந்தபோது பட்டியலில் பேர் இல்லை என்று அனுப்பினார்கள். அப்போது எனக்குக் கிளினிக்கில் நிறுக்கிற வேலை, தராசடியில் இருந்தனான். என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த மீன் இன்னும் கொழும்பில நீந்திக்கொண்டுதான் இருக்குதோ?"

"மெல்லக் கதை பிள்ளை."

"மெல்லத்தான் கதைக்கிறன். மட்டையில மூண்டு பேர் சாப்பிட்ட மீன். ஒருத்தரும் சாப்பிடேல்லை." சிரித்தாள். "உங்களில பிழை இல்லை அக்கா. நான்தானே எழுதச் சொன்னனான்."

அவள் என்னை ஏசியிருந்தால் நான் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகும் வருஷங்கள் போனது. பஞ்சம் வந்து பாணுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு நாள் கமலா கிளினிக் தராசில் ஏறினாள். பதினேழு வயது. வயிற்றில் ஆறு மாதம். வயிற்றுப்பிள்ளையையும் சேர்த்து எண்பது றாத்தல் இல்லை. என் தோள் உயரம்தான் வந்தாள், நான் உயரமான மனிசியும் இல்லை. இடுப்பு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் இடுப்பு. "மாமி, எவ்வளவு?" என்று கேட்டாள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதம் டொக்டர் அம்மா கடைசித் தரமாக வந்திருந்தா. பென்சன் எடுக்கப் போகிறா. மத்தியானம் எல்லாரும் போன பிறகு அவவுடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். இருக்கச் சொன்னா. நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். மீன், வேலி, கத்தி வழுகின படி, மூன்றரை, மூன்றே கால், மூன்று. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அண்டைக்கே தெரியும் அம்மா."

"எத்தனை வீட்டில இப்படி?"

"நான் கண்டது மூண்டு வீடு."

"காணாதது?"

நான் தான் அவவுக்கு வழி சொன்னவள். நிறுத்துவிட்டு வெளியே போகலாம் என்று. நாங்கள் தராசோடு திரிந்த மூன்று ஊரில் எத்தனை வேலி, வேலியில் கோப்பை நீட்ட எத்தனை பொட்டு, எந்தக் கோப்பை எந்த வீட்டுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? அவ மட்டைப் பெட்டியைத் திறந்தா. மட்டைக் கட்டு ஒன்றை எடுத்தா, பார்த்தா, வைத்தா. இன்னொன்றை எடுத்தா. பிறகு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து நாடாவால் கட்டினா. முடிச்சை இரண்டு தரம் போட்டா.

"இது அச்சாகி எத்தனையோ வருஷம் பரிமளம். இதைப் பார்த்து வேற ஆக்களும் எழுதியிருக்கினம்."

அவ என்னை ஏசவில்லை. "நீ" என்று சொல்லவும் இல்லை. எனக்கு முன்னாலேயே ஒரு கடிதம் எழுதினா, அந்தக் குடியிருப்பைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி. "எழுதிப் பார்க்கிறன்" என்றா. அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பால்மா வரவில்லை.

அடுத்த நாள் காலமை கிளினிக் தொடங்கியது. நான் தராசைத் தூக்கி வைத்தேன். அவ தராசுக் கண்ணாடியை மூன்று தரம் தட்டினா. முள் ஆடி நின்றது. நான் மறுமொழியை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ கேட்கவில்லை. குனிந்து தானே முள்ளைப் பார்த்தா. பார்த்துவிட்டு முதல் பெண்ணைக் கூப்பிட்டா.

என்னுடைய உத்தியோகம் அன்றைக்கு முடிந்தது. பிறகும் சில வருஷம் சம்பளம் எடுத்தனான், அது வேறு.

லீவு நாள்களில் நான் முட்டையும் பருப்பும் கருவாடும் கட்டிக்கொண்டு கமலாவிடம் போனேன். ஆக்கிக் கோப்பையில் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தேன். எழும்பமாட்டேன் என்று இருந்தேன். நாவூறு படட்டும் என்று இருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு வாய் வைத்தாள்.

"மாமி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு முழுங்க ஏலாது."

"ஏலும். சாப்பிடு."

சாப்பிட்டாள். நான் தண்ணீர் எடுக்கக் குனிந்த நேரத்துக்குள் பாதி முட்டை சேலைத் தலைப்புக்குள் போனது. தம்பிக்கு. கண்டேன். பிடுங்கி அவளுடைய வாயில் திணிக்கவா? இரண்டரை மாதம் அப்படிப் போனேன். பதினேழு வருஷத்துக் குறையை இரண்டரை மாதத்தில் நிரப்ப நினைத்தவள் நான்.

அவளுக்கு நோ கண்டது ஒரு காலமை. பிள்ளை இறங்கவில்லை. ட்ரக்டர் பெட்டியில் பாயைப் போட்டு அவளைக் கிடத்தி, மணலும் கிடங்குமான றோட்டில் பட்டினத்துக்குக் கொண்டு வந்தார்கள். வழி முழுக்கப் புனிதம் அவளுடைய தலையை மடியில் வைத்துப் பகிடி சொல்லிக்கொண்டு வந்தாளாம். ஆஸ்பத்திரியில் செய்யக் கூடியதெல்லாம் செய்தார்கள். பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். பெண்பிள்ளை. மூன்றே முக்கால் றாத்தல். கமலா பின்னேரம் போய்விட்டாள். இரத்தம் இல்லாத உடம்பு, இருந்த கொஞ்சமும் நிற்கவில்லை.

எட்டாம் நாள் செலவுக்குப் போனேன். செத்தவர் விரும்பினதைச் சமைத்துப் படைக்கிற நாள். புனிதம் கமலாவின் சேலையை மடித்து வைத்து, விளக்கு ஏற்றி, அதற்கு முன்னால் அவளுடைய கோப்பையில் சோறு போட்டாள். முருங்கையிலை வைத்தாள். மேலே ஒரு பொரித்த மீன்துண்டு வைத்தாள். அறக்குளா. நல்ல வெட்டு. புனிதத்தின் புருசன் அன்றைக்குக் கடலுக்குப் போய்க் கொண்டுவந்தது.

"எவ்வளவு இருக்கும் அக்கா?"

நான் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். என் கண் என்னைக் கேளாமல் நிறுத்துவிட்டது.

"நாலு அவுன்ஸ்."

"முழுக்க அவளுக்குத்தான்" என்றாள்.

படைத்த பிறகு எல்லாரும் வெளியே வர வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் ஒருவரும் பார்க்கக் கூடாது. புனிதம் வாசலின் ஓலைப் படலையைச் சாத்தினாள். குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். கடல் இரைந்தது. பின்வேலியில் ஒரு சரசரப்பும் இல்லை. அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

வெகுநேரத்துக்குப் பிறகு படலையைத் திறந்தாள். கோப்பை வைத்தபடியே இருந்தது. மீன் வைத்தபடியே இருந்தது.

"போய்ப் பாருங்கோ அக்கா" என்றாள். "மிச்சத்தையும் பார்க்கிறதுதானே உங்கட வேலை."

உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். வைத்தது நாலு அவுன்ஸ். மிச்சம் நாலு அவுன்ஸ்.